சாக்கு எடை



கயத்தாறு என்றதும் வெளியூரார் பலருக்கும் நினைவுக்கு வருவது, 1799 அக்டோபர் 16 அன்று வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்பதே. நெடுஞ்சாலையில் செல்வோர் காற்றாலைகளைக் கண்டு ஊர் நெருங்கிவிட்டது என்று அறிந்துகொள்வர். இங்கேயே பிறந்து வளர்ந்த நமக்கோ இவ்வூர் முதலில் கரிசல் மண், அடுத்துக் கடைவீதி. புரட்டாசியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி, தை மாசியில் உளுந்தும் பாசிப்பயறும் எடுக்கின்ற மானாவாரிப் பூமி இது. மழை பொய்த்த ஆண்டுகளில் நிலம் கைவிட்ட குடும்பங்களைத் தாங்கிக்கொண்டது கடைவீதிதான். வணிகம் எவ்வளவு பெரிய அருட்கொடை என்பதை இம்மண்ணில் பிறந்தவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் அந்த அருட்கொடையைப் பற்றி ஒரு சிறுவன் நம்மிடம் கேட்ட கேள்வியும், அதற்கு விடை சொல்லாமல் நாம் கழித்த நாட்களுமே இக்கட்டுரையை எழுத வைத்தன.

மக்ரிப் தொழுகைக்குப் பின் நம் மக்தபில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பது நம் அன்றாடப் பணி. கடந்த ஆண்டு ஒருநாள் மாலை, திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயமாகிய அல்முதஃப்பிஃபீன் பாடமாக வந்தது. அளவையிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் அத்தியாயம் அது. தாம் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கிக்கொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைத்துவிடும் மனிதர்களை இறைவன் எச்சரிக்கிறான் என்று பொருள் விளக்கிக்கொண்டிருந்தோம். அப்போது முன்வரிசையில் அமர்ந்திருந்த பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் கையை உயர்த்தினான்.

“ஹஜ்ரத், எங்க கடையில சம்சாரிங்க உளுந்து கொண்டு வந்தா, மூட்டைக்கு ஒரு கிலோ கழிச்சுத்தான் எழுதச் சொல்றாங்க. சாக்கு எடைக்காம். சாக்கு நூறு கிராம்தானே ஹஜ்ரத் இருக்கு? அதுவும் இதுல சேருமா?”

அவன் தவசக்கடை முதலாளி ஒருவரின் மகன். விடுமுறை நாட்களில் தந்தைக்கு உதவியாக அமர்ந்து துண்டுச்சீட்டில் எடை எழுதுவது அவன் வேலை. குற்றம் சாட்டும் எண்ணம் அவனிடம் சிறிதும் இல்லை. பாடத்தில் கேட்டதையும் கடையில் கண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான், அவ்வளவே.

பிறகு சொல்வதாகக் கூறி அடுத்த பிள்ளையை ஓதச் சொல்லிவிட்டோம். நமக்கு விடை தெரியாமல் இல்லை. ஆனால் நம் தலைக்கு மேல் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறி அச்சிறுவனின் தந்தை வாங்கித் தந்தது. பிள்ளைகள் அமர்ந்திருந்த பாய்கள் அவருடைய நன்கொடை. மாதந்தோறும் நம் கைக்கு வரும் ஊதியத்தில் ஒரு பகுதியும் அவர் கடைக் கல்லாவிலிருந்தே வருகிறது.

அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தோம். ஒரு காலத்தில் சணல் சாக்கு இருந்தது. அது கனமானது, அதற்கு ஒரு கிலோ கழிப்பதில் ஒரு நியாயம் இருந்திருக்கலாம். இன்று வருவது பிளாஸ்டிக் சாக்கு. அது நூறு கிராம் சொச்சம்தான். சாக்கு மாறிவிட்டது; கழிவு மட்டும் மாறவில்லை. ஒரு விவசாயி 20 மூட்டை கொண்டுவந்தால், மூட்டைக்கு 900 கிராம் வீதம் 18 கிலோ உளுந்து அவர் அறியாமலே, அல்லது அறிந்தும் வாய் திறக்க இயலாமலே, கடைக்காரருக்குப் போய்விடுகிறது. கிலோ 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 1,440 ரூபாய். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் புத்தகப்பையும் காலணியும் சீருடையும் வாங்கப் போதுமான தொகை அது. தமிழில் சாக்கு என்ற சொல்லுக்குக் கோணிப்பை என்பதோடு நொண்டிச் சமாதானம் என்றும் பொருள் உண்டு என்பதை அன்றிரவுதான் எண்ணிப் பார்த்தோம்.

சமுதாய முன்னேற்றத்தில் வணிகத்தின் பங்கு என்று நம் மேடைகளில் பேசும்போதெல்லாம் வள்ளல்களின் பெயர்களையே வரிசையாகச் சொல்கிறோம். சொல்ல வேண்டியவைதாம். தமிழகக் கடற்கரைக்கு இஸ்லாம் வந்ததில் அரபு வணிகர்களின் பங்கு பெரிது. பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த பெருவணிகர் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர், சீதக்காதி என்னும் பெயரால் இன்றளவும் ஈகைக்கு அடையாளமாக விளங்குகிறார். உமறுப் புலவர் சீறாப்புராணம் இயற்ற ஆதரவளித்தவர் அவரே. வாணியம்பாடியில் தோல் வணிகம் செழித்த காலத்தில், 1919இல் இஸ்லாமியாக் கல்லூரி எழுந்தது. சென்னைத் தோல் வணிகர் ஜமால் முஹம்மது சாஹிபும் திருச்சியின் காஜாமியான் ராவுத்தரும் இட்ட அடித்தளத்தில் 1951இல் ஜமால் முஹம்மது கல்லூரி உருவானது. அக்கல்லூரிகளில் படித்து வெளிவந்தவர்களால் தலைநிமிர்ந்த குடும்பங்கள் எத்தனை எத்தனை!

நம் அண்டை வீட்டாரின் வரலாற்றிலும் கற்றுக்கொள்ளப் பாடம் உண்டு. கயத்தாற்றிலிருந்து இதே நெடுஞ்சாலையில் வடக்கே சென்றால் கோவில்பட்டி, சாத்தூர் தாண்டி விருதுநகர் வருகிறது. அங்கே நாடார் வணிகர்கள் தம் கொடுக்கல் வாங்கலில் ஒரு சிறு தொகையை மகமை என்று பொதுவுக்கு ஒதுக்கினர். அவ்வாறு சேர்ந்த பணத்தைக் கொண்டு 1889இல் சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளியை நிறுவினர். பின்னாளில் முதலமைச்சரான காமராசர் பயின்ற பள்ளி அது. ஒரு செல்வர் ஒருநாள் மனமிரங்கிக் கொடுத்த பெருந்தொகையை நம்பி அப்பள்ளி நிற்கவில்லை. விற்பனை நடக்கும்போதெல்லாம் சிறுகச் சிறுகச் சேர்ந்ததே அதன் பலம். நம் அன்னையர் உலை வைக்கும்போது மதரஸாவுக்கென்று பிடி அரிசி எடுத்துப் பானையில் போட்டு வைத்தார்களே, அதே வழிதான் இதுவும்.

வணிகத்தின் கொடுக்கும் கை இது. அதன் எடுக்கும் கையையும் நாம் சிறுவயதிலேயே கண்டிருக்கிறோம்.

கோவில்பட்டி வட்டாரத்திற்குத் தீப்பெட்டித் தொழில் வந்து வேரூன்றியதற்கு இவ்வறண்ட மண்ணே காரணம். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்று வந்தனர். மழை குறைந்த, வெயில் மிகுந்த இப்பகுதியில் மருந்து தோய்த்த குச்சிகள் விரைவில் காயும். விவசாயத்தில் வேலை கிடைக்காத கைகளும் ஏராளம். தொழில் பரவிற்று, பஞ்ச காலத்திலும் அடுப்பெரிந்தது. இதனை நாம் மறுக்கவில்லை. நம் தெருவிலேயே எத்தனையோ தாய்மார்கள் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியும், வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டியும் பிள்ளைகளைக் கரையேற்றினார்கள்.

ஆனால் நம்மோடு மக்தபில் அலிஃப், பா படித்த நண்பன் ஒருவனின் இடம் ஒருநாள் காலியாகிவிட்டது. ஃபஜ்ருத் தொழுகை முடிந்து நாம் ஓத வரும் வேளையில், இருள் பிரியுமுன்னே வந்து நின்ற ஆபீஸ் வண்டியில் அவனும் அவன் தங்கையும் ஏறிச் சென்றுகொண்டிருந்தார்கள். மாலையில் திரும்பும்போது அவன் விரல்களில் மருந்து வாடை இருக்கும். அவன் ஒருநாளும் திரும்ப ஓத வரவில்லை. நாம் இன்று பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருக்கிறோம். அவனுக்குத் தன் பெயரை எழுதுவதே சிரமம். நம்மைவிட நன்றாக ஓதியவன் அவன்.

சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் குழந்தைகள் வேலை செய்வது பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தடையை மீறி அபாயகரமான தொழிலில் அமர்த்தப்படும் ஒவ்வொரு குழந்தைக்காகவும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றும், அது அக்குழந்தையின் நலனுக்கான நிதியில் சேர வேண்டும் என்றும் ஆணையிட்டது. சட்டமும் தீர்ப்பும் இயந்திரங்களும் வந்து இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். நம் நண்பனுக்கு மட்டும் அத்தீர்ப்பு வெகு தாமதமாக வந்தது.

இதைப் படிக்கும்போது பிறருடைய குறை என்று நாம் எண்ணிவிடக் கூடாது. அதே 1996ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று அதே உச்ச நீதிமன்றம் மற்றொரு தீர்ப்பு வழங்கியது. தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரால் பாலாறும் நிலத்தடி நீரும் விளைநிலங்களும் கெட்டுப்போயின என்ற வழக்கு அது. தமிழ்நாட்டின் பல மாவட்டங்களில் இருந்த ஆலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. மாசுபடுத்தியவரே அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துத் தோல் தொழிலில் நம் சமுதாயத்தவர் எத்தனை பேர் என்பதை நாம் அறிவோம். அறிவுக்கண் திறந்த கல்லூரிகளைக் கட்டிய அதே தொழில்தான், எளிய மக்களின் கிணற்று நீரையும் கெடுத்தது.

இங்கேதான் ஒரு நிகழ்ச்சி நம் நெஞ்சில் வந்து நிற்கிறது. மதீனாவில் குடிநீருக்கு மக்கள் துன்புற்றபோது, விலை கொடுத்தே நீர் அருந்த வேண்டியிருந்த ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பணத்தில் வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். அவர்கள் பெரும் வணிகர். வணிகத்தில் ஈட்டிய செல்வம் ஊருக்குத் தண்ணீரானது. ஆனால் நாம் ஒரு கையால் கிணற்றைக் கெடுத்துவிட்டு, மறு கையால் பள்ளிவாசல் வாயிலில் தண்ணீர்ப் பந்தல் வைத்தால் அது உஸ்மான் (ரலி) அவர்களின் வழியாகுமா?

தர்மம் என்பது நமக்கு உரியதிலிருந்து கொடுப்பது. விவசாயியின் 900 கிராம் நமக்கு உரியது அன்று. வேலைக்காரரின் நிலுவைக் கூலி நமக்கு உரியது அன்று. அவற்றிலிருந்து எவ்வளவு கொடுத்தாலும் அது தர்மம் ஆகாது. பிறர் பொருளை இன்னொருவருக்கு இடம் மாற்றியதாகவே ஆகும். வணிகப் பொருளுக்கு 40இல் ஒரு பங்கு ஸகாத் கொடுத்துவிட்டோம் என்பதால் மீதியுள்ள 39 பங்கும் தாமாகத் தூய்மை அடைந்துவிடுவதில்லை. அவை வந்த வழியும் தூயதாக இருக்க வேண்டும்.

சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கையை நுழைத்தபோது அடியில் ஈரம் பட்டது. மக்கள் காணும்படி அந்த ஈரத் தானியத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்டார்கள். மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். அந்த வணிகரிடம் நன்கொடை எவ்வளவு தந்தாய் என்று கேட்கவில்லை. குவியலின் அடியில் என்ன இருக்கிறது என்பதையே பார்த்தார்கள். உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடப் பணித்ததும் அதே நபி (ஸல்) அவர்களே. ஆக, ஒரு வணிகம் சமுதாயத்தை உயர்த்துகிறதா என்பதை அதன் நன்கொடைப் பலகையில் தேட வேண்டாம். தராசிலும், கூலி கொடுக்கும் நாளிலும், அதன் கழிவு சென்று சேரும் இடத்திலும் பார்த்தால் போதும். கல்வெட்டில் பெயர் பொறிப்பது அதற்குப் பின்னால் வருவது.

இவ்வளவும் நமக்குத் தெரியும். ஆயினும் அந்தச் சிறுவனுக்கு விடை சொல்ல மூன்று வாரம் ஆயிற்று. அவன் மீண்டும் கேட்கவில்லை. கேட்காமல் நம் முகத்தைப் பார்த்தபடி ஓதினான்; அது கேட்டதைவிடக் கடினமாக இருந்தது. ஆசிரியர் சில ஆயத்துகளை ஓதுவதற்கு மட்டுமே வைத்திருக்கிறார் என்ற எண்ணம் ஒரு பிள்ளையின் மனத்தில் விழுந்துவிட்டால், பிறகு எத்தனை ஆண்டு ஓதிக்கொடுத்தும் என்ன பயன்?

ஓர் இரவு இஷாத் தொழுகைக்குப் பின் அவர் கடைக்குச் சென்றோம். கடை அடைக்கும் நேரம், தனியே இருந்தார். மகன் கேட்ட கேள்வியைச் சொன்னோம். கோபம் கொள்வார் என்று எதிர்பார்த்தோம். அவரோ நெடுநேரம் தராசையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஹஜ்ரத், இது நான் வச்ச வழக்கமில்ல. எங்கத்தா காலத்துல இருந்தே நடக்குது. மூட்டையில தூசி இருக்கும், ஈரம் இருக்கும். ரெண்டு மாசம் குடோன்ல கிடந்தா எடை குறையும். கழிவை நான் மட்டும் விட்டா அந்த நட்டம் என் தலையிலதானே விழும்? மத்த கடைக்காரங்க விடுவாங்களா?”

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஈரமும் தூசியும் உண்மை. ஆனால் ஈரத்திற்குக் கழிப்பதானால் ஈரத்திற்கு என்று சொல்லிக் கழிக்கலாம். விலையைக் குறைத்தும் கேட்கலாம். விவசாயி மனமுவந்து ஒப்புக்கொண்டால் அது வணிகம். இருவரின் பொருத்தம்தானே வணிகத்தை ஹலாலாக்குகிறது? சாக்கின் பெயரைச் சொல்லி ஈரத்திற்குக் கழிக்கும்போது விவசாயிக்கு எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பதே தெரியாமல் போகிறது. வெறும் சாக்கை முதலில் தராசில் வைத்து, அதன் எடையை மட்டும் கழித்துவிட்டு, மற்றதை வெளிப்படையாகப் பேசிக்கொள்ளுங்கள் என்றோம்.

அவர் தலை நிமிர்ந்தார். “அப்போ மதரஸாவுக்கு நான் குடுத்ததெல்லாம்?” என்று கேட்டார். குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது.

அதனால்தான் வந்தோம் என்றோம். அவர் கொடுத்ததில் நாமும் உண்டிருக்கிறோம். ஆகவே இந்தக் கேள்வியில் அவரோடு நாமும் நிற்கிறோம். உள்ளத்தில் உள்ளதை இறைவன் அறிவான். அவருடைய நல்லெண்ணத்தை எடைபோடும் தராசு நம்மிடம் இல்லை. இனி வருவதைத் தூய்மையாக்கிக்கொள்வது மட்டுமே நம் இருவராலும் இயலும். இதைச் சொல்லி ஸலாம் கூறி விடைபெற்றோம். வெளியே வந்தபோது கால்கள் நடுங்கின என்பதை மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் அச்சிறுவனை அழைத்து, அவன் கேட்டது இந்த அத்தியாயத்தில் சேரும் என்று சொன்னோம். தாமதித்ததற்காக அவனிடம் வருத்தமும் தெரிவித்தோம். அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான்.

அம்மாதமும் அவருடைய நன்கொடை வழக்கம் போலவே வந்தது, கூடவுமில்லை, குறையவுமில்லை. பள்ளிவாசலில் சந்திக்கும்போது ஸலாம் சொன்னார். அதற்கு மேல் பேச்சில்லை. தை பிறந்தது. உளுந்து அறுவடையாகி மூட்டைகள் கடைவீதிக்கு வரத் தொடங்கின. ஒருநாள் பாடம் முடிந்ததும் அச்சிறுவன் பின்தங்கி நின்றான்.

“ஹஜ்ரத், அத்தா இப்போ அரைக் கிலோதான் கழிக்கிறாங்க.”

நாம் அல்ஹம்துலில்லாஹ் என்றோம். அவன் போகாமல் நின்றான். பிறகு மெல்லச் சொன்னான்: “இன்னும் நானூறு கிராம் இருக்கு, ஹஜ்ரத்.”

ஆம், இன்னும் 400 கிராம் இருக்கிறது. பரம்பரையாக வந்த வழக்கத்தில் பாதியை விடுவது அவருக்கு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்பதை நாம் உணர்கிறோம். ஆயினும் மீதிப் பாதிக்காக மீண்டும் ஒருமுறை அவர் கடைப்படி ஏற வேண்டியவராக இருக்கிறோம். இதனை எழுதும் முன் அவரிடம் அனுமதி கேட்டோம். “எழுதுங்க ஹஜ்ரத், நாலு கடைக்காரங்க படிக்கட்டும். பேரு மட்டும் வேண்டாம்” என்றார். அந்த அனுமதியையும் அவருடைய நற்செயலாகவே எண்ணுகிறோம்.

வணிகம் செய்யும் சகோதரர்களே! ஒரு வெறும் சாக்கை எடுத்து உங்கள் தராசில் வைத்துப் பாருங்கள். துணிக்கடையானால் முழக்கோலையும், மளிகைக்கடையானால் கடன் நோட்டையும், தொழிற்கூடமானால் கூலிப் பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் அருகில் இருக்கும்போதே பாருங்கள். அவர்கள் கணக்கில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். எடை சரியான பின்னர் மூட்டைக்கு ஒரு ரூபாய் என்று மஹல்லாவின் பைத்துல்மாலுக்கு ஒதுக்குங்கள். அந்த ஒரு ரூபாய்கள் சேர்ந்து, இருள் பிரியுமுன் எந்த வண்டியிலும் ஏறாமல் ஒரு பிள்ளையேனும் பள்ளிக்கூடம் செல்லட்டும்.

நம்மைப் போல் நன்கொடையில் உண்டு ஓதிக்கொடுக்கும் உலமாப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடைவீதி நமக்கு உணவளிக்கிறது என்பதாலேயே கடைவீதியிடம் உண்மை சொல்லும் பொறுப்பு நமக்குக் கூடுகிறது. மேடையில் பொதுவாகச் சொல்வது எளிது. கடை அடைக்கும் நேரத்தில் தனியே சென்று கனிவோடு சொல்வதுதான் கடினம். பயன் தருவதும் அதுவே.

நம் தராசுகளை நேராக்கி, நம் உணவைத் தூயதாக்கி, நம் பிள்ளைகளின் கேள்விகளுக்கு அஞ்சாமல் விடை சொல்லும் துணிவை நம் அனைவருக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.